துடிப்பம்மன் சந்து

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடியும்போது, கருவேலம்பேரியில் பஸ் ஸ்டாண்டு ரோட்டுக்கும் அதன் பின்னால் ஓடும் சந்தைத் தெருவுக்கும் நடுவே, முந்தின நாள் வரை எறும்பு நுழைய இடமில்லாமல் ஒட்டிக் கிடந்த வடிவின் மாவுக்கடைச் சுவருக்கும் பூட்டிப்போன விதைக்கடைச் சுவருக்கும் இடையில், இரண்டு பேர் உரசாமல் எதிரெதிரே நடக்கிற அகலத்தில் ஒரு சந்து கிடந்தது. அதன் சுவர்கள் கல்லுமில்லை, காரையுமில்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டால் காய்ச்சல்காரன் கழுத்துப்போலச் சுட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை மெல்ல விம்மி விம்மி அடங்கின. முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை; கேன் சுவரில் இடிக்காமல் ஹேண்டில்பாரை ஒடித்து உள்ளே போய், மறுபக்கம் சந்தைத் தெருவில் வெளியே வந்து, "நல்லதாப் போச்சு, இனிமே போஸ்ட் ஆபீஸ் முக்கு வரைக்கும் சுத்திப் போக வேண்டாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இது எப்படி வந்தது என்று கேட்டவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேருக்கும் "வந்தா வந்துட்டுப் போகுது, வழிதானவே" என்று பதில் கிடைத்தது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள், ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போகிறவர்கள் போனார்கள், பத்து மணிக்கு மீன்கூடைகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போயின, பதினோரு மணிக்கு ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

அந்த நேரம் கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டிருந்த வடிவுக்கு இரண்டு புருவத்துக்கும் நடுவே, மூக்கின் அடிவேரில், உப்பாகவும் சூடாகவும் ஏதோ இறங்கியது. அவள் ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள். மறுபடி இறங்கியது. மறுபடி கொப்பளித்தாள்.

வடிவுக்கு நாற்பத்தாறு வயது. உளுந்தை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுகிறவள், சில்லறை வாங்கின கையால் கரண்டியைத் தொடாதவள், பக்கத்தில் யாராவது இருமினால் மாவுச் சட்டியை மூடிவிட்டு அவர்கள் தெரு திரும்புகிற வரைக்கும் திறக்காதவள். அதற்காகத்தான் ஊரே அவளிடம் மாவு வாங்கியது, அதற்காகத்தான் ஊரே அவளைத் தண்ணிப் பைத்தியம் என்று கேலியும் செய்தது. அவள் புருஷன் ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஊரில் எவன் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிற மனுஷன். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது.

அன்று மத்தியானம் ஒரு கிழவர் வெற்றிலைச் சாறைச் சந்துச் சுவரில் துப்புவதை வடிவு கடையிலிருந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் அண்ணத்தில் சுண்ணாம்பு காந்தியது. இறங்கிப் போய்ச் சுவரில் ஒரு விரலை வைத்தாள். அவள் மண்டைக்குள்ளே, உள்பக்கத்தில், அதே விரல் வந்து தொட்டது.

சாப்பாடு போடும்போது புருஷனிடம் சொன்னாள்: "அந்தச் சந்து என் தலைக்குள்ள இருக்குங்க."

ஆவுடையப்பன் ரசத்தைப் பிசைந்தார். "சரி, அதுக்கு என்ன இப்ப? வெளிய பாத்தா நம்ம வீட்டு ஓரமாத்தான இருக்கு."

வழி இல்லாதபோது ஒழுங்காக இருக்கிற ஜனம் வழி கிடைத்ததும் என்ன செய்யும் என்பதை வடிவு அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டாள். முதலில் நடக்கும், அப்புறம் துப்பும், அப்புறம் வீட்டில் கிடக்கிற அத்தனை அழுகலையும் பையில் கட்டிக்கொண்டு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பார்த்துவிட்டால் எதிர்வீட்டுக்காரன் போட்டது என்று சொல்லி, அங்கே கொட்டும். கோழி இறகு, மீன் செதில், பிள்ளைகளின் பீத்துணி, கல்யாண மண்டபத்து இலை, சவரக் கடை மயிர், புளித்த சாம்பார், பாக்குப் பொட்டலத்துக் காகிதம். இது எல்லாம் அவள் கண்ணுக்குப் பின்னால் வந்து விழுந்தது, ஊறியது, நாறியது. சுவரோரம் ஒதுங்குகிறவர்களை அவள் முகம் பார்க்காமலே அறிந்தாள். சர்க்கரை வியாதிக்காரர்களுடையது இனித்தது. ஒரு நாள் சாயங்காலம், வீடு நாலு எட்டில் இருக்க, அதற்குக்கூடப் பொறுக்காமல் ஒருவர் ஒதுங்கினார்; அந்த இனிப்பில் வெந்தய வாசம் இருந்தது. தினமும் காலையில் அவள்தான் அதை ஊறப்போட்டுக் கொடுக்கிறாள். அன்றைக்கு அவள் மூன்று தடவை வாந்தியெடுத்தாள், புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு வாயைத் திறக்கவே அவளுக்குக் குமட்டியது.

புரட்டாசி பிறந்தபோது, சந்து பஸ் ஸ்டாண்டு ரோட்டில் வந்து சேருகிற முக்கில் சுவர் வீங்கியது. முதலில் எலுமிச்சங்காய் அளவு, பத்து நாளில் தேங்காய் அளவு, மாதக் கடைசியில் ஒரு குடம் அளவு. மற்ற இடத்தைவிட அங்கே தோல் மெலிந்து பளபளத்தது, மற்ற இடத்தைவிட அங்கே துடிப்பு பலமாகத் தெரிந்தது. ஆண்களுக்கு அது மறைவாக இருந்தது. வரிசையில் நின்று அதன் பின்னால் ஒதுங்கினார்கள். வடிவுக்கு வலது கண்ணுக்கு மேலே வலி வந்தது, வந்த வலி போகவில்லை.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். நம் ஊரில் சுவரில் ஒதுங்குகிறவனைத் தடுக்கச் சட்டமும் போதாது, செருப்பும் போதாது, சாமி படம் ஒன்றுதான் வழி என்று எல்லாருக்கும் தெரியும். வடிவு டைல்ஸ் கடைக்குப் போய், வழக்கமாக எல்லாரும் வாங்குகிறபடி, பிள்ளையார் ஒன்று, மாதா ஒன்று, பிறை போட்ட பள்ளிவாசல் ஒன்று என்று மூன்று டைல்ஸ் வாங்கிவந்து, கொத்தனாரைக் கூப்பிட்டு வீக்கத்தின் மேலேயே சிமெண்டு வைத்து ஒட்டச் சொன்னாள். அவர் கரண்டியால் தட்டின ஒவ்வொரு தட்டுக்கும் அவளுக்குப் பல் கிட்டியது. ஆனால் மறுநாள் அந்த இடத்தில் ஒருவனும் ஒதுங்கவில்லை. நாலடி தள்ளிப் போய் ஒதுங்கினார்கள். அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

நிம்மதி ஐந்து நாள்தான். ஆறாம் நாள் யாரோ அந்த வீக்கத்துக்கு மஞ்சள் அப்பினார்கள், ஏழாம் நாள் குங்குமம், எட்டாம் நாள் வேப்பிலை. சாமி படம் இருக்கிறது, சுவர் துடிக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்பதாம் நாள் அதற்குத் துடிப்பம்மன் என்று பெயர் வந்துவிட்டது. கமிட்டி அமைத்தார்கள், கவுன்சிலர் மாடக்கண்ணு தலைவர், ஆவுடையப்பன் செயலாளர். ஓர் ஆணி அடித்து மணி தொங்கவிட்டார்கள், இன்னோர் ஆணி அடித்து உண்டியலைச் சங்கிலி போட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வீக்கத்தில் தொட்டில் கட்டினார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் தங்கள் நம்பரை ஊசியால் கீறினார்கள், வேண்டுதல் பலித்தவர்கள் அதன் அடியில் தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு தேங்காய்க்கும் வடிவின் கண் ஒரு நொடி இருண்டு திறந்தது. நாலடி தள்ளி ஒதுங்குகிறவர்கள் ஒதுங்கிவிட்டு, கையைச் சுவரில் துடைத்துவிட்டு, வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதே கை.

சந்து வாசலில் பூ விற்கிற முப்பிடாதிதான் ஒரு நாள் வடிவு மாவு அளக்கும்போது கரண்டியைத் தவறவிட்டதைப் பார்த்தாள். "யக்கா, ஒரு கண்ணு இமை தொங்குது ஒனக்கு. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். ஆவுடையப்பனுக்கு அன்று கமிட்டிக் கூட்டம். இரண்டு பெண்களும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனார்கள்.

ரெக்ஸலின் என்ற டாக்டர் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு ரோடும், சந்தைத் தெருவும், நடுவே சந்தும் சாம்பல் நிறத்தில் அப்படியே தெரிந்தன.

"தலைக்கு ரத்தம் முன்பக்கமா வர்ற ரோடு வேற, பின்பக்கமா வர்ற ரோடு வேறம்மா" என்றார் டாக்டர். "தாய் வயித்துல நாம சின்னக் கருவா இருக்கும்போது ரெண்டுக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சந்து இருக்கும். பெறக்கிறதுக்கு ரொம்ப முன்னாலயே, சில வாரத்துல, அதுவா அடைஞ்சு போயிரும். ஆயிரம் பேருல ரெண்டு மூணு பேருக்கு அடையாம அப்படியே நின்னுரும். ஒங்களுக்கு நின்னுருக்கு."

"நாப்பத்தாறு வருஷமாவா?"

"ஆமா. அது இருக்கது மட்டும் நோய் இல்ல. நெறைய பேரு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம வாழ்ந்துட்டுப் போயிருதாங்க. ஆனா அந்த மாதிரி சந்து இருக்கவங்கள்ல சில பேருக்கு, அது வந்து சேருற முக்குல சுவர் மெலிஞ்சு வீங்குது. சந்தாலதான் வீங்குதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சேர்ந்து இருக்கதைப் பாக்கோம், அதான்." பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டே இழுத்தார். "இந்த எடத்துல டைல்ஸ் ஒட்டினது யாரு?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் டாக்டர். ஒதுங்குதாங்கன்னு."

"எல்லாரும் பண்ணுறதுதான்" என்றார் டாக்டர். "ஆனா எடுத்திரணும். ஆணியும் ரெண்டு இருக்கு." தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, வீக்கம் வரைக்கும் கொண்டுபோய், அதன் உள்ளே கம்பியைச் சுருட்டிச் சுருட்டி நிரப்பிவிட்டால் ரத்தம் அங்கே போய் மோதாது என்றார். வருகிற வியாழக்கிழமை செய்யலாம் என்றார். "அன்னைக்குச் சந்துல ஒரு ஆள் இருக்கக் கூடாது. நெரிசல்ல நான் வேலை செய்ய முடியாது. அது வரைக்கும் மேளம், வெடி, எதுவும் கிட்ட வரக் கூடாது. வெடிச்சா, பாதிப் பேரைக் காப்பாத்துறதே கஷ்டம்மா."

முப்பிடாதியும் வடிவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துடிப்பம்மனுக்கு முதல் கொடைவிழா அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

அன்று சாயங்காலமே கமிட்டி சந்துக்குள் பாய் விரித்து உட்கார்ந்தது. வடிவு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், டாக்டர் சொன்னதை ஒரு சொல் குறையாமல், வெடிக்கும் என்று சொன்னதையும் சேர்த்து. ஒருவரும் அவள் சொன்னதைப் பொய் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

"மயினி, நீங்க எம்புட்டுப் பெரிய புண்ணியவதி" என்றார் மாடக்கண்ணு. "அம்மன் ஒங்க தலையில கொலுவிருக்கா. கொடையில மொத மரியாதை ஒங்களுக்குத்தான். என்னவே சொல்லுதிய?"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிவந்து அவன் கையை வடிவின் நெற்றிப் பொட்டில் வைத்து, துடிக்குதா பாரு என்றாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் கையை நீட்டினார்கள். அந்தக் கைகளில் எது எது எங்கே இருந்துவிட்டு வந்தது என்று வடிவுக்கு அத்தனையும் தெரியும்.

"மொத மரியாதை வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "ஒரே ஒரு வாரம் தள்ளி வைங்க. நான் பொழைச்சுக்கிடுதேன்."

மாடக்கண்ணு ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குச் சொல்கிற குரலில், "நோட்டீஸ் அடிச்சாச்சு வடிவு" என்றார்.

அதற்கு மேல் பேச்சு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பிறந்த தேதியைக்கூட மாற்றிவிடலாம், நோட்டீஸில் அடித்த தேதியை மாற்ற முடியாது. வடிவு வீட்டுக்குப் போய்த் தலையில் பதினாறு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அவளுக்கு அருவருத்தது ஒன்றே ஒன்றுதான், இருபத்திரண்டு வருஷமாக இந்த மனுஷனுக்கு எச்சில் இலை எடுத்திருக்கிறோமே என்பது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவள் ஒரு செம்பு வெந்நீரும் தோசைக் கரண்டியுமாகச் சந்துக்குள் போனாள். ஆணி இரண்டையும் மெல்ல உருவினாள். வெந்நீர் விட்டு விட்டு, பிறந்த பிள்ளையின் தலைப்பொருக்கை எடுக்கிற பதத்தில், மூன்று டைல்ஸையும் பெயர்த்தாள். அவற்றைக் கழுவித் துடைத்துத் தன் வீட்டுப் பூஜை அலமாரியில் வரிசையாக வைத்துக் கும்பிட்டாள். அவர்கள் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு மேளக்காரர்கள் சந்து வாசலில் மேளத்தோலைக் காயவைத்து நின்றார்கள், வெடிக்காரன் சரத்தை நீளமாக விரித்திருந்தான், சாமியாடிக்கு மாலை போட்டாயிற்று, இரண்டு தெருவிலும் ஜனம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, மாடக்கண்ணு முதல் மரியாதைத் துண்டைத் தாம்பாளத்தில் வைத்து, "மயினி வாராவ, வழி விடுங்க" என்றார், வழி விட்டார்கள், வடிவு அந்த வழியாக, யாரையும் பார்க்காமல், வெள்ளைச் சேலை எவர் மேலும் படாதபடி கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்து, மஞ்சள் அப்பின வீக்கத்தின் முன்னால் நின்று, ஏழு தண்ணீர் கழுவுகிற வடிவு, பக்கத்தில் இருமினால் சட்டியை மூடுகிற வடிவு, பட்டப்பகலில், ஊர் பார்க்க, சேலையை முழங்கால் வரை சுருட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தாள், ஒன்றுக்குப் போனாள்.

சத்தம் நன்றாகக் கேட்டது. அவள் புருவத்துக்கு நடுவே உப்பும் சூடும் இறங்கின. இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது அவளுடையதாக இருந்தது, அவள் முகம் சுளிக்கவில்லை.

முதலில் சாமியாடி கத்தினார். "தீட்டு" என்றார். அந்தச் சொல் சந்தின் இரண்டு முனைக்கும் ஓடியது. மூன்று மாதமாக அதே சுவரில் நின்று போன அத்தனை ஆண்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தங்கள் காலில் பட்டுவிடக் கூடாதே என்று துள்ளித் துள்ளி ஓடினார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தூக்கினார்கள். வெடிக்காரன் சரத்தை வாரிக்கொண்டு ஓடினான். முப்பிடாதி ஒருத்திதான் பூக்கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

"பொம்பளையா நீ" என்றார் மாடக்கண்ணு, பத்தடி தள்ளி நின்று.

வடிவு எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். "என் தலை அண்ணாச்சி" என்றாள். "நீங்க எல்லாரும் போனியள்லா. நான் போகக் கூடாதா?"

நாற்பத்தொரு நாள் நடை சாத்தவேண்டும் என்று சாமியாடி தீர்ப்புச் சொன்னார். அதுவரை அந்தச் சந்துக்குள் மிதிக்கிறவன் காலில் புற்று வைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டு முனையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். டாக்டர் கேட்டபடி வியாழக்கிழமை சந்தில் ஓர் ஆள் இல்லை.

ஆபரேஷன் நடந்தபோது முப்பிடாதி முள்ளுக்கு இந்தப் பக்கம் கூடையோடு காவல் இருந்தாள். பதினோரு மணி வாக்கில் பஸ் ஸ்டாண்டு ரோட்டு வழியாக, வெள்ளிபோல மின்னிக்கொண்டு, தலைமயிர்க் கனத்தில் ஒரு கம்பி தடவித் தடவி வந்ததாம். முக்கில் திரும்பி வீக்கத்துக்குள் நுழைந்து, முறுக்குப் பிழிகிற மாதிரி சுற்றிச் சுற்றி நிறைத்ததாம். வீக்கம் இரண்டு தடவை விம்மிப் பார்த்ததாம், பிறகு அடங்கிவிட்டதாம். "அதுக்கப்புறம் நான் ரெண்டு மொழம் பூ கட்டினேன்" என்று அவள் பின்னால் சொன்னாள்.

வடிவு பதினைந்து நாள் கழித்து ஊருக்கு வந்தாள். இமை தூக்கிவிட்டது. நாற்பத்தொரு நாளும் கழிந்தது; கமிட்டி வந்து முள்ளை விலக்கி, வீக்கத்தில் காதை வைத்துப் பார்த்து, துடிக்காத அம்மனுக்கு என்ன கொடை என்று முனகிக்கொண்டு, உண்டியலை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அசிங்கம் பிடித்தவள், ஒரு தலைவலிக்காக ஊர் கொடையைக் கெடுத்தவள் என்று டீக்கடையில் பேசினார்கள். மாவை மட்டும் அவளிடமே வாங்கினார்கள். அவள் சந்து முழுக்க வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு முனைக்கும் கதவு போட்டாள். சாவி அவள் இடுப்பில்.

மார்கழியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, ஆவுடையப்பன் சந்துக் கதவுக்கு முன்னால் குடை இல்லாமல் நின்றார். சந்தைத் தெருவில் வேறு ஏதோ கமிட்டிக்கு நாலு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் சுவர்கள் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை, சத்தமில்லாமல், சுத்தமாக விம்மி அடங்கிக்கொண்டிருந்தன.

"ஏளா வடிவு, ஒரே ஒரு தடவை தெற. நான் ஒம் புருஷன்லா."

வடிவு மாவுச் சட்டியை மூடினாள். அவருடைய செருப்பைப் பார்த்தாள், அதில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள், அவர் வாயோரத்தில் ஒதுங்கியிருந்த வெற்றிலையைப் பார்த்தாள். பிறகு உளுந்துக்கு நாலாவது தண்ணீரை ஊற்றினாள்.

"சுத்திப் போங்க" என்றாள்.